கடலூர்ச் சாலையில் நடந்துபோன பாதிரியார்

பூஜை விடுமுறை நெருங்கிவிட்டால் கடலூர்க்காரர்களுக்கும் சிதம்பரத்துக்காரர்களுக்கும் மலை ஞாபகம் வந்துவிடும். வருஷம் முழுவதும் உப்புக் காற்றில் ஊறிய உடம்பு குளிரைத் தேடும். விடியற்காலையில் காரில் ஏறி உட்கார்ந்தால் விருத்தாசலம், சேலம், மேட்டுப்பாளையம் என்று ஊர்கள் ஓடி மறைகின்றன. கல்லாற்றைத் தாண்டியதும் சாலை சுருள் சுருளாக மேலேறுகிறது. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கிடுகிடு பள்ளம், இடையிடையே பாறையில் வழியும் அருவி. பொழுது சாய்வதற்குள் குன்னூரில் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு சூடாகக் காப்பி அருந்தலாம்.

இதே கடலோரச் சாலை வழியாக இதே மலைக்கு, 1841-ஆம் வருஷத்தில், ஓர் இளைஞர் கால்நடையாகவே போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 27. அயர்லாந்தில் பிறந்தவர், ஸ்காட்லாந்தில் படித்தவர். பல்லக்கில் ஏறாமல் வெள்ளைக்காரர் ஊர் விட்டு ஊர் போவது வழக்கமில்லாத காலத்தில், சென்னையில் புறப்பட்டவர் கடலூர்ச் சாலை, சிதம்பரம், மாயவரம், தரங்கம்பாடி, தஞ்சை, திருச்சி என்று சுற்றி நடந்து நீலகிரியின் உச்சியை அடைந்தார்.

அவர்தான் ராபர்ட் கால்டுவெல். சென்னைக் கடற்கரையில் 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலைகளில் ஒன்று அவருடையது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால், அந்தப் புத்தகத்தை எழுதிய கை மேஜையில் ஊன்றுவதற்கு முன்னால், அந்த மனிதரின் கால்கள் தமிழ்நாட்டு மண்ணில் எத்தனை நூறு மைல் ஊன்றின என்பதைப் பலர் அறியார்.

சித்திரக்காரர் ஆகவேண்டியவர்

கால்டுவெல் பிறந்தது 1814-ஆம் வருஷம் மே மாதம் 7-ஆம் தேதி; அயர்லாந்தின் வடபகுதியில் கிளாடி என்ற சிற்றூரில். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். பிள்ளைக்குப் பத்து வயதானபோது குடும்பம் கிளாஸ்கோ நகருக்குத் திரும்பிவிட்டது. இளமையில் அவருக்குச் சித்திரக் கலையில்தான் மோகம். டப்ளின் நகருக்குப் போய் அதைப் பயின்றார். பிறகு மனம் மதத் தொண்டில் திரும்பிற்று. தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். முழுக்க வைத்துவிட்டார் என்று சொல்வதற்கில்லை, அதைப் பின்னால் பார்ப்போம்.

கிளாஸ்கோ சர்வகலாசாலையில் கிரேக்கம் போதித்த டேனியல் சாண்ட்ஃபோர்டு என்ற பேராசிரியர், ஒரு பாஷையை மற்றொன்றோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை மாணவர்களுக்குக் காட்டினார். அந்த விதை கால்டுவெலின் உள்ளத்தில் விழுந்தது. லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் கப்பல் ஏறி, 1838-ஆம் வருஷம் ஜனவரி 8-ஆம் தேதி சென்னையில் இறங்கினார். அதே கப்பலில் வந்தவர், தெலுங்கு மொழிக்குப் பெருந்தொண்டு செய்த சி. பி. பிரவுன் துரை. மாதக்கணக்கான கடல் பிரயாணத்தில், தென்னிந்திய பாஷைகளைப் பற்றி அறிய இதைவிட நல்ல துணை கிடைத்திருக்க முடியாது.

சென்னையில் மூன்று வருஷத்துக்கு மேல் தங்கித் தமிழ் படித்தார். அவருடைய சங்கத்தையே சேர்ந்த ட்ரூ பாதிரியார், திருக்குறளின் முற்பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 1840-இல் வெளியிட்டவர். இன்னொரு விஷயமும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் 1823-இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே சென்னைக்கு வந்துவிட்ட இராமலிங்க சுவாமிகளும் அந்த மூன்று வருஷங்களில் அதே சென்னையில், ஏழுகிணறுப் பகுதியில் வாழ்ந்துகொண்டிருந்தார். ஒருவர் சென்னையை விட்டுச் சிதம்பரம் வழியாகத் தெற்கே போனார். மற்றவர் 1858 வாக்கில் சென்னையை விட்டுத் தம் பிறந்த சீமைக்கே திரும்பினார்.

ஏன் நடந்தார்?

1841-இல் கால்டுவெல் லண்டன் மிஷனை விட்டு விலகி, இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த வேதபோதகச் சங்கத்தில் சேர்ந்தார். திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடி என்னும் ஊரில் வேலை என்று ஏற்பாடாயிற்று. அதற்கு முன்னால் சென்னை அத்தியட்சர் ஸ்பென்சரிடம் குருப்பட்டம் பெற வேண்டும். அத்தியட்சரோ உதகமண்டலத்தில் இருந்தார். ஆகையால் முதலில் மலைக்கு ஏறி, பிறகு தெற்கே இறங்க வேண்டியதாயிற்று.

இளம் பாதிரியார் செய்யக்கூடியது என்ன? ஒன்று, கடல் வழியாகத் தூத்துக்குடிப் பக்கம் போய் இறங்கி, பட்டம் பெறுவதைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். அல்லது பல்லக்கு. அந்நாளில் துரைமார்களின் பிரயாணம் பெரும்பாலும் இரவில் நடந்தது. பல்லக்குத் தூக்குகிறவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே ஓடுவார்கள். துரை உள்ளே திரையை இழுத்துவிட்டுத் தூங்குவார். பகலில் ஒரு பங்களாவில் இறங்கிக் குளித்துச் சாப்பிட்டு, மறுபடி இரவில் பல்லக்கு. நாடு முழுவதையும் சுற்றி வந்தாலும் நாட்டார் ஒருவரோடும் பேச வேண்டிய அவசியம் இராது.

கால்டுவெல் இதை விரும்பவில்லை. ஜனங்களை அவர்களுடைய ஊரிலேயே பார்க்க வேண்டும், அவர்கள் பேசுகிற தமிழை அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும் என்று நினைத்தார். சென்னையில் அவர் படித்தது முன்ஷியின் தமிழ், ஏட்டுத் தமிழ். சந்தையிலும் சாவடியிலும் பேசும் தமிழ் வேறு என்பது யாருக்குத்தான் தெரியாது? அதற்கு ஒரே வழி நடப்பது. நடந்தார்.

இன்றைய சாலைக் கணக்கில் பார்த்தால், சென்னையிலிருந்து அவர் சுற்றிப்போன வழியாக உதகைக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் ஆகிறது. அங்கிருந்து இடையன்குடி இன்னும் 500 கிலோமீட்டருக்கு மேல். ரயில் கிடையாது. தென்னிந்தியாவில் முதல் ரயில் ஓடியது 1856-இல்.

கடலூர்

சென்னையிலிருந்து சிதம்பரத்துக்கு வரும் கடலோரச் சாலையில் கடலூர் ஒரு முக்கியமான தங்கல். 1841-இல் அது தென்னாற்காடு ஜில்லாவின் தலைநகர். கலெக்டர் துரை மஞ்சக்குப்பத்தில் இருந்தார். ஆனால் அதற்கு நூறு வருஷம் முன்னால் கடலூருக்கு இருந்த மவுசு அப்போது இல்லை. 1690-இல் கும்பெனியார் தேவனாம்பட்டணத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் கிரயத்தில் சேர்த்தி என்று பேச்சு. இன்றும் அந்த வட்டாரத்தில் குண்டு கிராமங்கள் என்று சொல்லுவதுண்டு. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டபோது, கும்பெனி ராஜ்யத்துக்கே தேவனாம்பட்டணம்தான் சில வருஷம் தலைமை ஸ்தானமாயிற்று. குமாஸ்தாவாக இருந்த கிளைவ் தப்பி ஓடிவந்து சேர்ந்ததும் அங்கேதான். 1758-இல் லாலி துரை கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினான். கால்டுவெல் அவ்வழியே வந்த காலத்தில் அது வெறும் மண்மேடும் அகழியுமாகக் கிடந்தது.

பாதிரிமார்களுக்குக் கடலூர் புதிய ஊரல்ல. ஸ்வீடன் தேசத்துக் கியர்நாண்டர் 1740-இலேயே இங்கு வந்து பள்ளிக்கூடம் நடத்தியவர். கோட்டை விழுந்த வருஷத்தில்தான் கல்கத்தாவுக்குப் போனார்.

ஊரை விட்டுத் தெற்கே வரும்போது மேற்கில் செம்மண் குன்றுகள் தெரிகின்றன. கேப்பர் மலை என்பார்கள். மலை என்பது மரியாதைக்குத்தான். நீலகிரிக்குப் போகிறவன் பார்த்தால் சிரிப்பான். ஆனாலும் இந்தச் சிவப்பு மணற்கல்லுக்குப் பூகர்ப்ப சாஸ்திரத்தில் கடலூரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கெடிலம், பரவனாறு, வெள்ளாறு என்று வழியில் ஒன்றன்பின் ஒன்றாக ஆறுகள். தண்ணீர் வற்றிய நாளில் மணலில் கால் புதைய நடக்க வேண்டும். தண்ணீர் வந்த நாளில் ஓடத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஓடத்துறையில் காத்திருப்பது மோட்டார்க்காரனுக்கு நஷ்டம். பாஷை கற்க வந்தவனுக்கு அதைவிடப் பள்ளிக்கூடம் இல்லை. செட்டியாரும் செம்படவரும், சந்தைக்குப் போகிற பெண்களும் க்ஷேத்திராடனம் போகிற பண்டாரங்களும் ஒரே கரையில் உட்கார்ந்து பேசுகிற இடம் அது. புதுச்சத்திரம் என்று இன்று ரயில் நிலையத்தில் எழுதியிருக்கிறதே, அந்தப் பெயரே வழிநடப்போருக்காகத் தமிழர் கட்டிவைத்த சத்திரங்களை நினைப்பூட்டுகிறது.

வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டை. 1841-இல் அங்கே ஒரு விசித்திரம் இருந்தது. ஹீத் என்ற துரை, கும்பெனி உத்தியோகத்தை உதறிவிட்டு 1830-இல் அங்கே இரும்பு உருக்கும் ஆலை ஒன்றைத் தொடங்கியிருந்தார். சேலத்து மலைகளின் இரும்புக் கல் அங்கே வந்து இறங்கிற்று. உலைக்கு மரக்கரி, அதற்காகக் காடு காடாக மரம் வெட்டினார்கள். பரங்கிப்பேட்டை இரும்பு இங்கிலாந்துக்குப் போயிற்று. வேல்ஸ் நாட்டில் 1850-இல் திறந்த பிரிட்டானியா ரயில் பாலத்திலும் அது சேர்ந்தது. மலையிலிருந்து கல்லும் கரியும் கடலை நோக்கி இறங்கி வந்த அதே காலத்தில், கடலோரத்திலிருந்து மலையை நோக்கி ஒரு மனிதர் நடந்துகொண்டிருந்தார்.

சிதம்பரம்

சிதம்பரம் அவர் வழியில் வந்த முதல் பெரிய கோயிலூர் என்று சொல்லலாம். நாற்புறமும் கோபுரம் தலைதூக்கி நிற்கும் அந்த ஊரை, வயல்வெளியில் வரும்போதே மைல் கணக்கான தூரத்திலிருந்து பார்க்கலாம். சித்திரம் பயின்ற கண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்! வெள்ளைக்காரர்கள் அதுவரை சிதம்பரத்தைப் பெரும்பாலும் பார்த்தது பீரங்கி வாய் வழியாகத்தான். 18-ஆம் நூற்றாண்டு யுத்தங்களில் கோயிலின் மதில்களே கோட்டைச் சுவராயின. 1781 ஜூனில் கூட் தளபதி அதைத் தாக்கி முடியாமல் பின்வாங்கினார். இரண்டு வாரத்தில் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியோடு பெரும் சண்டை. 60 வருஷம் கழித்து வந்த கால்டுவெலின் கையில் ஆயுதமில்லை. மதம் மாற்ற வந்தவர் என்பது உண்மை, அதை மறைப்பானேன்? ஆனால், சேர, சோழ, பாண்டிய நாட்டுப் பாஷையின் வேரைத் தேடும் ஆசையும் அதே மனிதருக்குள் வளர்ந்துகொண்டிருந்தது.

சிதம்பரத்தைத் தாண்டினால் கொள்ளிடம். ஆடி, ஆவணியில் மேற்கே மைசூர், குடகு மலைகளில் பெய்கிற மழை இங்கே செந்நீராக வந்து கரைபுரளும். ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கீழணையைக் கட்டி அப்போது ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. கொள்ளிடத்துக்கு இக்கரையில் கேட்ட தமிழும் அக்கரையில் கேட்ட தமிழும் ஒரே தமிழ்தான் என்றாலும், காதைக் கூர்மையாக்கிக் கேட்டால் சாயல் வேறு. பல்லக்கில் தூங்குகிறவனுக்கு இது தெரியாது. இருபது மைலுக்கு ஒரு தரம் வாய்ச்சொல் சற்றே திரும்புவதை நடக்கிறவன் மட்டுமே கேட்பான். செந்தமிழ், கொடுந்தமிழ் என்ற இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பிற்காலத்தில் அவர் ஆராய்ந்தாரே, அதற்கு அஸ்திவாரம் இந்தச் சாலையில்தான் விழுந்தது என்று நான் நினைக்கிறேன்.

மாயவரம் வழியாகத் தரங்கம்பாடி. டேனிஷ்காரர் கொடி அங்கே இன்னும் பறந்துகொண்டிருந்தது; ஆங்கிலேயருக்கு அதை அவர்கள் விற்றது 1845-இல். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். கும்பகோணம், அப்புறம் தஞ்சாவூர். தஞ்சையில் மராட்டிய மன்னர் சிவாஜி பெயரளவுக்கு அரசாண்டுகொண்டிருந்தார். ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் மாணவரான வேதநாயக சாஸ்திரியார் எழுபதை எட்டும் வயதில் அந்த ஊரில் இருந்தார். பிறகு திருச்சிராப்பள்ளி. அங்கிருந்து மேற்கே திரும்பிக் கொங்கு நாடு. பச்சை போய், புழுதியும் கம்பங்கொல்லையும் வந்தது.

நெய்தலில் புறப்பட்டு மருதத்தைக் கடந்து முல்லையைத் தொட்டுக் குறிஞ்சிக்கு ஏறுகிற பிரயாணம் இது. வேடிக்கை என்னவென்றால், இந்தத் திணைகளைப் பாடிய சங்க நூல்கள் அப்போது ஏட்டுச் சுவடியில் கரையானோடு போராடிக்கொண்டிருந்தன. சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை 1887-இலும், உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-இலும், புறநானூற்றை 1894-இலும் அச்சிட்டார்கள். படிக்கக் கிடைக்காத பாட்டின் பாதையில், தெரியாமலே கால்டுவெல் நடந்திருக்கிறார்.

நீலமலை

மேட்டுப்பாளையத்துக்கு அப்பால் சமவெளி திடீரென்று முடிந்து, சுவர் எழுப்பியது போல மலை நிற்கிறது. ஜான் சலிவன் துரை 1820-களின் தொடக்கத்தில் சிறுமுகைப் பக்கமிருந்து கோத்தகிரிக்கு முதல் பாதை போட்டார். 1830-களில் குன்னூர் வழியாக இன்னொரு பாதை வந்தது. சாலை என்று நாம் நினைக்கிற சாலை அல்ல. குதிரையும் பொதிமாடும் மனிதரும் ஏறும் பாதை. வண்டி ஏறுகிற நல்ல சாலை பல வருஷம் கழித்து வந்தது. ரயில் குன்னூருக்கு 1899-இலும், உதகைக்கு 1908-இலும்தான் ஏறிற்று.

இந்த மலைகளைப் பார்க்கிறவர்கள், எரிமலை கக்கிய குழம்பு இறுகித்தான் இப்படி ஆயிற்றோ என்று கேட்பதுண்டு. இல்லை. எரிமலைக் குழம்பு பரவி உண்டான மலைகளைப் பார்க்க வேண்டுமானால் மகாராஷ்டிரத்துக்குப் போக வேண்டும். நீலகிரி, பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிச் சுமார் 250 கோடி வருஷங்களுக்கு முன் உருவாகி, பின்னர் மேலே உயர்ந்த பாறை. சென்னைக்கு அருகே பல்லாவரத்திலும் அதே இனத்துப் பாறைதான். கல்கத்தாவை நிறுவிய சார்னாக்கின் சமாதியில் இந்தக் கல் பதித்திருப்பதைக் கண்டு, ஹாலண்ட் என்ற நிபுணர் 1893-இல் இதற்குச் சார்னாகைட் என்று பெயர் வைத்தார். இறந்தவன் தலைமாட்டுக் கல்லின் பெயரை ஒரு மலைத்தொடர் சுமக்கிறது!

1841-இல் மலை இன்று போல இல்லை. தேயிலைத் தோட்டம் ஒன்றும் கண்ணுக்குத் தென்படாது. தைல மரம் 1843-க்கு முன் அங்கே இல்லை. இன்று நீலகிரி என்றால் நம் மூக்குக்கு வருகிற வாசனையே அன்று கிடையாது என்று அர்த்தம். உச்சியில் எங்கு பார்த்தாலும் புல்வெளி. மடிப்பு மடிப்பான பள்ளங்களில் மட்டும் அடர்ந்த சோலைக்காடு. அந்தச் சோலைகள்தாம் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விட்டு அருவிகளை வாழவைக்கின்றன. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மலையையே நீலமாக்கும் குறிஞ்சி, கால்டுவெல் சென்னையில் இறங்கிய 1838-இல் பூத்திருந்தது. அடுத்தது 1850-இல்தான். மூன்று வருஷம் பிந்திவிட்டார், பாவம்.

உதகையில் ஏரி இருந்தது. சலிவன் வெட்டியது அது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து பெயர்த்து வந்த உத்தரங்களை வைத்துக் கட்டிய ஸ்டீபன் தேவாலயமும் இருந்தது. சலிவன் 1838-இல் மனைவியையும் மகளையும் அந்தத் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்துவிட்டு, 1841-இல் இந்தியாவை விட்டே போய்விட்டார். மலையைத் திறந்துவிட்டவர் இறங்கிய வருஷத்தில் இவர் ஏறினார்.

செப்டம்பரில், நமக்குப் புரட்டாசி பிறக்கும் சமயத்தில், உதகையில் அத்தியட்சர் ஸ்பென்சர் அவருக்குக் குருப்பட்டத்தின் முதல் நிலையைக் கொடுத்தார். வந்த காரியம் முடிந்தது. ஆனால், வராத காரியம் ஒன்றும் மலையில் அவருக்காகக் காத்திருந்தது. தோடர்களும் கோத்தர்களும் அங்கே வாழ்ந்தார்கள். எழுத்தில்லாத பாஷைகள், புல்வெளியில் எருமை மேய்க்கிறவர்களின் பேச்சு. கேட்ட மாத்திரத்தில் புரியாது. காது பழகினால், தமிழுக்கு எப்போதோ பிரிந்துபோன உடன்பிறப்பு என்று தெரிந்துவிடும். 15 வருஷம் கழித்து வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு என்னும் பாஷைகளோடு, தோடர் பாஷைக்கும் கோத்தர் பாஷைக்கும் ஒரே குடும்பத்தில் இடம் கொடுத்தார் கால்டுவெல். காவியம் உள்ள பாஷை பெரியது, எழுத்தே இல்லாதது சிறியது என்று அவர் ஒதுக்கவில்லை. தமிழன் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ளும் மொழிக்குடும்பக் கொள்கையில், மேய்ச்சல்காரரின் சாட்சியும் இருக்கிறது.

இறக்கம்

மலையைவிட்டு இறங்கி, கோவை, மதுரை வழியாகத் தெற்கே நடந்தார். ஐப்பசி, கார்த்திகை நம் முன்னோர் கூதிர்காலம் என்று வகுத்த பருவம். வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற இரண்டு மாதம் அது. வாடைக் காற்று, சேற்று வழி, நிரம்பி ஓடும் ஓடைகள். நவம்பர் இறுதியில் திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்துக்கு வந்து சேர்ந்தார். வருஷம் முடிவதற்குள் இடையன்குடி.

கடலூர், சிதம்பரத்துப் பச்சையையும் நீலகிரிச் சோலைகளையும் பார்த்துவிட்டு வந்தவருக்கு வாய்த்த ஊர் எது தெரியுமா? செந்நிறத் தேரி மணல், முள், பனைமரம். காற்றடித்தால் மணல் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொள்ளும். அங்கே சுமார் 50 வருஷம் இருந்தார். தெருக்களை நூல் பிடித்ததுபோல் வகுத்தார், கிணறு தோண்டினார், மரம் நட்டார். 1844-இல் நாகர்கோவில் மால்ட் பாதிரியாரின் மகள் எலைசாவை மணந்தார். அந்த அம்மாள் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்து, சரிகை போன்ற நூல் பின்னல் வேலையும் கற்றுக்கொடுத்தார். 1847-இல் கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டார் கால்டுவெல். அது முடிந்தது 1880-இல், 33 வருஷம்! ஜன்னல் வளைவுகளுக்கு அவரே களிமண்ணில் மாதிரி செய்து கொத்தர்களுக்குக் காட்டினாராம். டப்ளினில் கீழே வைத்த தூரிகை இப்படித் திரும்பி வந்தது.

உடல் நலம் கெட்டுச் சீமைக்குப் போயிருந்த சமயத்தில், 1856-இல், ஒப்பிலக்கணம் லண்டனில் அச்சாயிற்று. திருத்தி விரித்த இரண்டாம் பதிப்பு 1875-இல். தென்னாட்டுப் பாஷைகள் சம்ஸ்கிருதத்திலிருந்து பிறந்தவையல்ல, தனிக் குடும்பம் என்பதை முதலில் கண்டவர் அவர் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை 1816-லேயே அதைச் சொல்லிவிட்டார். ஆனால் எல்லிஸ் காட்டியது வாசல். வீட்டுக்குள் போய் அறை அறையாக விளக்கேற்றியவர் கால்டுவெல்.

பிழைகளும் உண்டு. சங்க நூல்கள் கைக்கு வராததால் தமிழ் இலக்கியத்தின் வயதை மிகவும் குறைத்து மதிப்பிட்டார்; திருக்குறளையே 9-ஆம் நூற்றாண்டு வாக்கில் வைத்தார். இதையாவது காலத்தின் குறை என்று விடலாம். 1849-இல் அவர் எழுதிய ஒரு சிறு நூலை அப்படி விட்டுவிட முடியாது. தாம் எவர் நடுவில் வாழ்ந்தாரோ அந்த நாடார் சமூகத்தாரைப் பற்றியே, அவர்கள் மனம் புண்படும்படி அதில் எழுதினார். பின்னாளில் அவர்கள் ஒன்றுகூடி எதிர்த்துப் போராடினார்கள். புத்தகம் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. ஓடத்துறையில் எல்லாரோடும் உட்கார்ந்து பேச்சைக் கேட்ட காது, பங்களாவில் உட்கார்ந்து பேனா பிடித்தபோது மட்டும் ஏன் மந்தமாயிற்று? பாஷையை அளப்பதில் இருந்த பொறுமை, மனிதரை அளப்பதில் அவருக்கு இல்லாமல் போயிற்று.

வயதான பிறகும் நடை நிற்கவில்லை. 1870-களில் கொற்கையிலும் காயலிலும் மண்ணைத் தோண்டிப் பழைய துறைமுகங்களைத் தேடினார். 1877-இல் கல்கத்தாவில் அவருக்கு அத்தியட்சர் பட்டம் கிடைத்தது. அதே வருஷம் பெரும் பஞ்சம். நிவாரண வேலையில் உழைத்தார். 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரம் வெளிவந்தது. பொதிகை மலையும் அகத்தியர் கதையும் தாமிரபரணியின் பெயர் வரலாறும் அதில் விரிவாக உண்டு.

மறுபடியும் மலை

77-ஆவது வயதில், 1891 ஜனவரியில், பொறுப்புகளை விட்டு விலகிக் கொடைக்கானலில் ஓய்வெடுத்தார். அங்கே போகவும் அன்று மோட்டார்ச் சாலை இல்லை. ரயிலை விட்டிறங்கி மாட்டு வண்டியில் மலையடிவாரம் வந்து, அங்கிருந்து காட்டுப் பாதையில் நடந்தோ, குதிரையிலோ, நாற்காலியில் ஆட்கள் தூக்கியோதான் ஏற வேண்டும். 50 வருஷத்துக்கு முன் தம் காலாலேயே நீலகிரி ஏறியவர், இப்போது பிறர் உதவியோடு பழனி மலைக்குப் போயிருந்தார். சாமிநாதையர் கும்பகோணத்தில் சிலப்பதிகாரத்தை அச்சுக்குச் சித்தம் செய்துகொண்டிருந்த சமயம் அது. அது வெளிவந்தது மறு வருஷம். கால்டுவெல் அதைப் பார்க்கவில்லை. ஆகஸ்டு 28-ஆம் தேதி மலையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

உடலை மலையில் அடக்கம் செய்யவில்லை. பெட்டியில் வைத்து, அருவிகளைக் கடந்து வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் பாதை வழியாக ஆட்கள் தூக்கி வந்தார்கள். சமவெளியில் ரயில், திருநெல்வேலிக்கு அப்பால் மறுபடியும் மண் சாலை. தாம் கட்டிய இடையன்குடிக் கோயிலிலேயே, பலிபீடத்துக்குக் கீழே, அவரை அடக்கம் செய்தார்கள். எலைசா அம்மையார் அதற்குப் பிறகு எட்டு வருஷம் உயிரோடிருந்து, 1899-இல் அவர் பக்கத்திலேயே இடம் பெற்றார். அவர்கள் வாழ்ந்த வீட்டைத் தமிழ்நாடு அரசு நினைவில்லமாக்கி 2011-இல் திறந்தது. திசையன்விளையிலிருந்து அங்கே போகிற சாலையின் இருபுறமும் இன்றும் செம்மணலும் பனையும்தான்.